கோழிகளின் கோர்ட்டில் மதியச் சாப்பாடு

பேருந்தை விட்டு இறங்கும்போது மகள் மறுபடியும் சொன்னாள்.

"அப்பா, இன்னிக்கி நீங்க டாக்டர். மறந்துடாதீங்க."

"எந்த டாக்டர்னு கேட்டா?"

"ஆபரேஷன் பண்ற டாக்டர். ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"அப்ப நான் யாருடி, நர்ஸா?" என்றாள் அம்மா.

"நீங்க சும்மா வாங்கம்மா. பேசாம இருந்தாப் போதும்."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அது ஒண்ணுதான் எனக்கு வரல."

கறிக்கடைக்காரரான அப்பா தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். காலையில் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, எலுமிச்சைத் தோலும் சோப்புமாக முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருந்தார். ஆனாலும் பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கை லேசாக உறிஞ்சியதும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்று அவை பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தன.

மகளைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் யாரோ அவள் புத்தகப்பைக்குள் ஒரு கோழிக்காலைப் போட்டுவைத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பாதி வருஷம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் புதுப் பள்ளிக்கூடத்தில் டாக்டர் மகளாகச் சேர்ந்து, ரெட்டைச்சடை போட்ட ஒரு தோழியையும் சம்பாதித்துவிட்டாள். இன்றைக்கு அந்த ரெட்டைச்சடையின் பிறந்தநாள். கேளிக்கைப் பூங்கா உணவகத்தில் விருந்து.

"தெரிஞ்சுபோச்சுன்னா நாளையிலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்றாள் மகள். மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்பதுபோலச் சொன்னாள். அதனால்தான் அவர் அதை நம்பினார்.

உணவகம் பூங்காவின் நடுவில், ராட்டினத்துக்கும் சறுக்குக் குளத்துக்கும் இடையில் இருந்தது. கட்டடத்தின் தலையில் சிவப்புக் கொண்டை. வாசலில் ஆள் உயரச் சேவல் வேஷம் போட்ட ஒருவன் தடியோடு நின்றான். மேலே பலகை: "இங்கே கோழிகள் ஆள்கின்றன. மனிதர்கள் அடைபடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம்."

"தொழில்?" என்றான் சேவல்.

வாசலில் குடும்பத்தோடு காத்திருந்த ரெட்டைச்சடையின் அப்பா முந்திக்கொண்டார். "இன்சூரன்ஸ். இவர் டாக்டர். நம்ம ஆளுங்கதான், நல்லா கவனிக்கணும்."

நல்லா கவனிப்பதாகச் சொல்லிச் சேவல் இருவர் முதுகிலும் ஒன்று வைத்து உள்ளே தள்ளினான். இன்சூரன்ஸ்காரர் முதுகைத் தடவியபடி சிரித்தார்.

"இதான் வரவேற்பு. போன தடவை இதுகூட இல்ல டாக்டர் சார். இப்ப நல்லா முன்னேறிட்டாங்க."

உள்ளே ஒரு பெரிய கோழிக்கூண்டு. சுற்றிலும் கம்பி வலை, கீழே வைக்கோல். நாற்காலி என்று ஒன்று கிடையாது. சுவருக்குச் சுவர் குறுக்குக் கட்டைகள் போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் அவற்றின் மேல் குந்தியிருந்தார்கள். வழுக்கி விழுந்தவர்களைப் பெட்டைக்கோழி வேஷக்காரர்கள் தடியால் குத்தித் திரும்ப ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கொக்கரிக்க வேண்டும். சத்தம் போதவில்லையென்றால் தலையில் ஒரு தட்டு. ஒரு பாட்டில் தண்ணீருக்காகக் கறிக்கடைக்காரரின் மனைவி கொக்கரித்ததில் பக்கத்துக் கட்டையில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

"வீட்டுல நீ பேசறதே இப்படித்தான் இருக்கும்" என்றார் அவர் மெதுவாக.

"இருங்க, வீட்டுக்கு வாங்க."

பிறகு தலைமைக் கோழி மேடைக்கு வந்தது. அதுதான் உணவகத்தின் மேலாளர். கோழித் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். வியர்த்த, சந்தோஷமான முகம்.

"அன்பான கைதிகளே, வணக்கம். மனித குலம் காலங்காலமாகக் கோழி இனத்துக்குச் செய்த கொடுமைக்கு நியாயம் வேண்டாமா என்று எங்கள் நிறுவனம் யோசித்தது. அந்த நியாயத்தோடு ஒரு மதியச் சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தால் குடும்பத்தோடு வருவார்கள் என்று மேலும் யோசித்தது. அதனால் தினமும் உங்களில் ஒருவரைக் கசாப்புக்காரராகப் பிடிக்கிறோம். விசாரிக்கிறோம். அடிக்கிறோம். அவர் மனதார வருந்தி அலறினால் அந்த அலறலை இதோ இந்தக் கருவி அளக்கும்."

சுவரில் பெரிய கடிகாரம்போல ஒரு வட்டம் தொங்கியது. அடியில் "வருத்தமானி" என்று எழுதியிருந்தது. ஒரு முள். ஒரு மூலையில் சிவப்பு.

"முள் சிவப்பைத் தொட்டால்தான் சமையலறையில் அடுப்பு பற்றும். வருத்தம் போதவில்லை என்றால் யாருக்கும் சாப்பாடு இல்லை. கைதிகள் யாரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. போன வருஷம் வரை எங்களிடம் பஞ்சுத் தடிதான் இருந்தது. ஒரு விருந்தினர், கொடுத்த காசுக்கு ஏற்ற வலி இல்லை என்று கருத்து எழுதினார். விருந்தினர் கருத்தை மதிக்கிற நிறுவனம் இது. இப்போது எல்லாம் மரத்தடி. எலும்பு முறிவு கொஞ்சம் கூடியிருக்கிறது. அதற்கேற்றபடி திருப்தியும் கூடியிருக்கிறது. புகார் அறவே இல்லை. புகார்ப் பெட்டி அதோ அந்த நரிப் பொம்மையின் வாய்க்குள் இருக்கிறது. பற்கள் அசல் இரும்பு, யார் வேண்டுமானாலும் கை விட்டுப் பார்க்கலாம்."

கூட்டம் கைதட்டியது. இன்சூரன்ஸ்காரர் கறிக்கடைக்காரரின் விலாவில் இடித்தார்.

"அந்தக் கருத்து எழுதினது யாருங்கறீங்க? நான்தான்."

"ஓ" என்றார் கறிக்கடைக்காரர். டாக்டர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் தீவனச் சண்டை நடந்தது. எதிரெதிர்க் கட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு ரொட்டியை வீசுவார்கள். எந்தக் கட்டைக்காரர்கள் பிடுங்குகிறார்களோ அவர்களுக்கு அது சொந்தம். வங்கியில் வேலை செய்கிறவர்போலத் தெரிந்த ஒருவர், யாரோ ஒரு பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு ரொட்டியோடு எழுந்தார். அந்தப் பெண் அவர் கணுக்காலைக் கடித்தாள். இருவரும் பிறகு தத்தம் குடும்பத்தோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இடையில் அகப்பட்ட ஒரு பெட்டைக்கோழி கட்டையிலிருந்து தலைகுப்புற விழுந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

"டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்காங்க" என்று ரெட்டைச்சடை கையைத் தூக்கினாள். "இவ அப்பா டாக்டர்."

மகள் அவரைப் பார்த்தாள். அவர் பையிலிருந்து கைகளை எடுத்தார். அடிபட்டவன் இருபது வயசுப் பையன். கோழித் தலையின் அலகுக்குள்ளிருந்து அழுதுகொண்டிருந்தான். கறிக்கடைக்காரர் அவன் கையைத் தொட்டதும், அவருடைய கட்டைவிரல் வழக்கப்படி மூட்டைத் தேடிப் போய், எங்கே வைத்தால் ஒரே வெட்டில் வரும் என்ற இடத்தில் சரியாக நின்றது. அவர் திடுக்கிட்டு விரலை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு கைத்துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, "வெந்நீர் குடிங்க" என்றார்.

"டாக்டர் கைபட்டதுமே பாதி வலி போயிடுச்சு" என்றான் பையன்.

"பாத்தியாடி" என்றாள் ரெட்டைச்சடை. மகள் தலையை நிமிர்த்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், சாகும்வரை டாக்டராகவே இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்தது கசாப்புக்காரரைப் பிடிக்கும் சடங்கு. பீப்பாய் அளவு மரமுட்டை ஒன்றை மேடையிலிருந்து உருட்டிவிட்டார்கள். யார் காலில் முட்டி நிற்கிறதோ அவர்தான் ஆள். முட்டை வைக்கோலில் தள்ளாடித் தள்ளாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தாண்டி, கைக்குழந்தைக்காரி ஒருத்தியைத் தாண்டி, நேராகக் கறிக்கடைக்காரரை நோக்கி வந்தது. வேறு எங்கும் போகிற எண்ணமே அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பயத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். முட்டை கட்டைக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் தொங்கிய இன்சூரன்ஸ்காரரின் காலில் போய் முட்டி நின்றது.

"ஆகா" என்றார் இன்சூரன்ஸ்காரர். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வீடியோ எடும்மா" என்று மனைவியிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் தானே நடந்து மேடைக்குப் போனார். அவரைக் குனியவைத்து ஒரு பெரிய வெட்டுக்கட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். கறிக்கடைக்காரர் அந்தக் கட்டையைப் பார்த்தார். புளியமரம். நல்ல கட்டை. ஒருநாளும் எதையும் வெட்டியிராத கட்டை.

தலைமைக் கோழி தலையை மாட்டிக்கொண்டது.

"கசாப்புக்காரனே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

"ஒப்புக்கறேன், ஒப்புக்கறேன்" என்று இன்சூரன்ஸ்காரர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் அடி பின்பக்கத்தில் விழுந்தது. சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மாறின. இரண்டாவது அடியில் சிரிப்பும் போனது.

"கொஞ்சம் மெதுவா."

"வருத்தம் போதவில்லை" என்றது தலைமைக் கோழி. முள் அசையவில்லை.

அடுத்த அடிக்கு அவர் அலறினார். அது நாடக அலறல் அல்ல. கூண்டின் கம்பியே அதிர்ந்தது. முள் அசையவில்லை. எல்லோரும் வருத்தமானியைப் பார்த்தார்கள். பிறகு குற்றவாளியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"நடிக்கிறான்" என்றார் ரொட்டி பிடுங்கியவர்.

"எங்க வயித்துல அடிக்கிறான். புள்ள காலையிலேர்ந்து சாப்பிடல" என்றாள் கைக்குழந்தைக்காரி.

"ஐயா, நான் இன்சூரன்ஸ்ல இருக்கேன். கோழிக்கு நான் ஒண்ணும் பண்ணல."

"எல்லாக் கசாப்புக்காரனும் இதைத்தான் சொல்கிறான்" என்றது தலைமைக் கோழி. "கைதிகளே, நீதி உங்கள் கையில். வந்து அடிக்கிறவர்களுக்கு ஒரு ஐஸ்கிரீம் இலவசம்."

வரிசை நின்றது. நல்ல ஒழுங்கான வரிசை, யாரும் முந்தவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் கை நடுங்கத் தடியைக் கேட்டு வாங்கினார். தடி கைக்கு வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. கைக்குழந்தைக்காரி குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அடித்தாள். ரொட்டிக்காரர் ஐஸ்கிரீமில் என்னென்ன வகை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே அடித்தார். இன்சூரன்ஸ்காரரின் புருவம் கட்டையில் மோதிப் பிளந்தது. ரத்தம் வைக்கோலில் சொட்டியது.

கைக்கட்டுப் போட்ட பையன் கறிக்கடைக்காரரின் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"டாக்டர், அந்த முள்ளு அசையாது. போன வாரம் ஒருத்தரத் தூக்கி அதுமேல அடிச்சாங்க. அதுலேர்ந்து சிக்கிக்கிச்சு."

"மேலாளர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். ரிப்பேர்காரர் லீவுல இருக்காரு, அதுவரைக்கும் கொஞ்சம் பலமா அடிச்சுச் சமாளிங்கன்னாரு."

"அப்ப நேத்திக்கு எப்படிச் சாப்பாடு போட்டீங்க?"

"போடல."

இன்சூரன்ஸ்காரரின் மனைவி கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். ஒரு சேவல் அவளை இடுப்போடு பிடித்துத் திரும்பக் கட்டையில் ஏற்றியது. ரெட்டைச்சடை அழவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் நின்றாள். கறிக்கடைக்காரரின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்கிறாளா, போ என்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த முட்டை அவரைத் தேடி வந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

அவர் கட்டையிலிருந்து இறங்கினார்.

"நிறுத்துங்க. அவரை விடுங்க. கசாப்புக்காரன் நான்தான்."

கூண்டு முழுதும் அவர் பக்கம் திரும்பியது. பிறகு பலமாகக் கைதட்டியது.

"அருமை" என்றது தலைமைக் கோழி. "தியாகம் செய்கிற விருந்தினர். இந்த மாதத்தில் இதுதான் முதல் தடவை. ஆனால் டாக்டர், நீதிமன்றம் தியாகத்தை ஏற்காது. சாட்சி வேண்டும்."

"நான் சாட்சி" என்று மனைவி எழுந்தாள். "கல்லாவுல உக்கார்றது நான்தான். கிலோவுக்கு நூறு கிராம் எலும்பு கூடப் போடுவாரு, அதையும் சொல்றேன், எழுதிக்கோங்க."

"மனைவியின் சாட்சி செல்லாது. கணவனுக்கு அடி விழுவதில் மனைவிக்கு ஆதாயம் இருக்கலாம்."

"இருக்கு. அதுக்காகப் பொய் சொல்லுவனா?"

"செல்லாது" என்று தலைமைக் கோழி தடியை ஓங்கியது. ஆசிரியர் மறுபடியும் வரிசையில் வந்து நின்றிருந்தார்.

"எங்க அப்பா கறிக்கடைதான் வச்சிருக்காரு."

மகள் கட்டையின் மேல் ஏறி நின்றிருந்தாள். ரெட்டைச்சடையின் கையை அவளே விட்டிருந்தாள்.

"பாப்பா, உன் அப்பா டாக்டர் இல்லையா?"

"இல்ல. நான்தான் டாக்டர்னு சொல்லச் சொன்னேன். அவரு காலையில எந்திரிச்சு கோழி வெட்டுவாரு. எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி அவரு கடைச் சட்டை தொங்கும். அது துவைச்சாலும் நாறும்." அவள் மூச்சு வாங்கினாள். "இவளோட அப்பா ஒண்ணும் பண்ணல. அவுத்துவிடுங்க."

தலைமைக் கோழி யோசித்தது. தவறான ஆளை அடித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நிறுவனத்தில் விதி எதுவும் இல்லை. சரியான ஆளை முதலிலிருந்து அடிப்பதற்கு இருந்தது.

இன்சூரன்ஸ்காரரை அவிழ்த்துக் கீழே தள்ளினார்கள். அவர் வைக்கோலில் கிடந்தபடி, "இது பாலிசில வராதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "தானா ஆசப்பட்டு வாங்கின அடிக்கு நாங்க குடுக்கறதில்லையே."

கறிக்கடைக்காரரின் தோளில் முதல் அடி விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டாவது அடி காதில். அசல் கசாப்புக்காரன் என்பதால் தலைமைக் கோழியே நேரில் அடித்தது. வேஷத்தின் இறக்கைகள் படபடவென்று அவர் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டன. ஈர இறகின் வாடை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் திட்டமிட்டுச் செய்யவில்லை. கண்ணுக்கு முன்னால் கோழி படபடத்தால் அவர் கைகள் என்ன செய்யுமோ அதைச் செய்தன. இரண்டு இறக்கையையும் பின்னால் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தன. ஒரு திருகு. தலைமைக் கோழி தலைகீழானது. கோழித் தலை கழன்று உருண்டு, ஆசிரியரின் காலடியில் போய் விழுந்தது. கால்கள் இரண்டும் காற்றில் உதைத்தன. கூட்டம் ஆவென்று வாய்பிளந்தது. கறிக்கடைக்காரர் அதைத் தூக்கி, கொக்கியில் மாட்டுவதற்கு வழக்கமாகத் திரும்பும் பக்கம் திரும்பினார். அங்கே கொக்கி இல்லை. வருத்தமானி இருந்தது.

மேலாளர் அதன்மேல் முழு உடம்போடு மோதினார்.

"அண்ணே, அண்ணே, விட்டுடுங்க, நான் மேலாளர், எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று அவர் போட்ட அலறல் ராட்டினம் வரை கேட்டிருக்கும். சிக்கியிருந்த முள் கிரீச்சிட்டு விடுபட்டுச் சிவப்பில் போய் அடித்தது. மணி அடித்தது. சமையலறையில் குபீரென்று அடுப்புகள் பற்றின.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதான் நீதி" என்றார்.

சாப்பாடு உடனே வந்தது. பொரித்த கோழி. அந்த உணவகத்தில் வேறு எதுவும் கிடையாது. விதிப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோரும் கொத்தித் தின்றார்கள். உதட்டில் ரத்தத்தோடு, ஒரு கண் வீங்கிய மேலாளர், கக்கத்தில் கோழித் தலையை இடுக்கிக்கொண்டு கறிக்கடைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கி இல்லாதபோது அவர் வேறு மாதிரி பேசினார்.

"எந்த வருத்தமும் இல்லண்ணே. இவ்வளவு கைதட்டல் நாங்க வாங்கினதே இல்ல. மேலிடத்துக்குச் சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து தினம் என்னைத் தூக்கி அடிக்கச் சொல்லிட்டாங்க." கோழித் தலையை இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். "அத விடுங்க. கறி எப்படி இருக்கு?"

"பழசு" என்றார் கறிக்கடைக்காரர்.

"அதான் கேக்கறேன். இப்ப போடறவன் ஏமாத்தறான். நீங்க எங்களுக்குப் போடுவீங்களா? கிலோ என்ன விலைன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் என்கிட்ட பேசுங்க" என்றாள் மனைவி, எலும்பைத் துப்பிவிட்டு.

வெளியே வந்தபோது ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. கறிக்கடைக்காரருக்கு ஒரு காது கேட்கவில்லை. கைகளை மறுபடியும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் தலைகுனிந்து நடந்தாள்.

"நாளைக்கி வேணாம்னா போகாத" என்றார் அவர். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மகள் அவர் பைக்குள் கையை விட்டு, அவருடைய கையைத் தேடி வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ரெட்டைச்சடை ஓடிவந்தாள். ஒரு சடை அவிழ்ந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் அவள் அப்பாவைத் தாங்கலாக நடத்தி வந்துகொண்டிருந்தார்கள். ரெட்டைச்சடை மகளையும், அவள் பிடித்திருந்த கையையும் பார்த்தாள்.

"உங்க அப்பா ஆபரேஷன் பண்றவருன்னு சொன்னியே?"

மகள் நின்றாள். கையை விடவில்லை.

"பண்றாருதான்" என்றாள். "ஒண்ணும் பொழைக்கிறதில்ல."